வூப்பருக்கு இடம் போச்சாம்



2022 நவம்பர் 18-ஆம் தேதி போக்கிமான் ஸ்கார்லெட், போக்கிமான் வயலட் என்று இரண்டு வீடியோ கேம் உலகம் முழுக்க ஒரே நாளில் வெளியாச்சு. நிண்டெண்டோ ஸ்விட்ச் என்கிற கருவியில் விளையாடுவது. நெல்லு விலையும் கால்வாய் வெள்ளமும் எழுதுகிறவனுக்கு இது என்னத்துக்கு என்று கேட்பீங்க. காரணம் இருக்கு. இதை வச்சு நகரத்துல இருக்கிற உங்ககிட்ட கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கு.

விஷயம் தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடுதேன். போக்கிமான் என்பது கற்பனை மிருகங்களைத் தேடிப் பிடிச்சு, வளர்த்து, ஒண்ணோட ஒண்ணு மோதவிடுற விளையாட்டு. 1996 பிப்ரவரி 27-ல் ஜப்பான்ல முதல்ல வரும்போது 151 மிருகம். 2022-ல் இந்த ரெண்டும் வாறதுக்கு முன்ன 905. புது விளையாட்டு வரச்சில எல்லாம் புது மிருகங்களும் வரும். அதை மொத்தமா சொல்லிடமாட்டாங்க. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு அவுத்து விடுவாங்க. இந்தத் தடவை 2022 பிப்ரவரி 27-ல் மூணு வந்துது. ஸ்பிரிகாடிட்டோன்னு ஒரு பச்சைப் பூனை, ஃபியூகோக்கோன்னு ஒரு நெருப்பு முதலை, குவாக்ஸ்லின்னு தலைமுடியைப் படிய வாரின ஒரு வாத்துக்குஞ்சு. ஜூன்ல லெசாங்க் என்கிற பன்னி. அப்புறம் மலைப்பாறையில தலைகீழாத் தொங்கி இரைக்குக் காத்திருக்கிற குளாஃப் என்கிற நண்டு. இவ்வளவும் எனக்குச் சொன்னது என் தங்கச்சி பேரன். பெங்களூர்ல ஆறாம் கிளாஸ் படிக்கான். சரஸ்வதி பூஜை லீவுக்கு வந்திருந்தான்.

லெசாங்கைப் பத்திச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அது வாசனையான புல்லும் நல்ல பழமும் தேடித்தேடித் திங்குமாம், அதனால அதும்மேலயே மணம் அடிக்குமாம். மலையடிவாரத்துல மரச்சீனி போட்டவன்கிட்ட போய் பன்னி மணக்கும்னு சொல்லிப் பாருங்க! ஒரு ராத்திரியில ஒரு விளை மரச்சீனியையும் மறிச்சுப் போட்டுட்டுப் போற சவம் அது. நண்டும் அப்படித்தான். எங்க வயல் நண்டு பாறையில தொங்காது. வரப்புல துளை போட்டு, கட்டின வெள்ளத்தை ராவோட ராவா அடுத்தவன் வயலுக்கு அனுப்பிடும்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். சண்டைக்கு வாறேன்.

ஊருக்கு வாற சொந்தக்காரங்க, வயல் பாக்க வாற நண்பர்கள், எல்லாரும் ஒரே மாதிரி ஒரு குறை சொல்லுதாங்க. "பிள்ளைங்க எப்பப் பாத்தாலும் கேம்ல கெடக்குதுங்க. இயற்கைன்னா என்னன்னே தெரியல. ஒரு மரத்தோட பேரு தெரியாது, ஆயிரம் போக்கிமான் பேரு தெரியும்." சொல்லிட்டு, பிள்ளையை வரப்புல நிறுத்தி, "பாரு, இதுதான் இயற்கை" என்பாங்க. பிள்ளை பாக்கும். பச்சையா இருக்கும், அவ்வளவுதான். அஞ்சு நிமிஷத்துல போனைக் கேக்கும். "பாத்தீங்களா அண்ணாச்சி, நான் சொல்லல?" என்பாங்க.

என் கட்சி வேற. தொள்ளாயிரம் மிருகத்தோட பேரு, அது எங்க வாழும், எதைத் திங்கும், எது எதை ஜெயிக்கும், வளர்ந்தா என்னவா மாறும், இவ்வளவையும் மனசுல வச்சிருக்கிற பிள்ளைக்கு உயிர்கள் மேல ஆசை இல்லைன்னு எப்படிச் சொல்லுவீங்க? அந்த ஆசைக்கு யாரோ ஒருத்தர் ஜப்பான்ல இருந்து தீனி போட்டிருக்காங்க. நாம போடல. குறை பிள்ளைகிட்ட இல்லை.

இது நான் மட்டும் சொல்றது இல்லை. 2002-ல் இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் கூட்டாளிகளும் 109 பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கிட்ட படங்களைக் காட்டிப் பேரு கேட்டாங்க. பாதி படம் அந்த நாட்டுச் செடி, பூச்சி, பறவை, மிருகம். பாதி போக்கிமான். நாலு வயசுப் பிள்ளைகளுக்கு நிஜ உயிர்தான் கூடுதலாத் தெரிஞ்சுது. எட்டு வயசு ஆகும்போது தலைகீழ். போக்கிமானில் நூத்துக்கு 78 அளவுக்குச் சரியாச் சொன்னாங்க, நிஜ உயிர்களில் 53 அளவுக்குத்தான். 'சயன்ஸ்' பத்திரிகையில வந்தது இது. அவங்க சொன்ன முடிவை நல்லா கவனிங்க. பிள்ளைகளுக்கு உயிர்களைப் பேரு சொல்லிப் பிரிச்சு அறியுற திறமை ஏராளமா இருக்கு, இயற்கையைக் காப்பாத்தணும் என்கிறவங்கதான் அதைப் பிடிக்கத் தெரியாம விட்டுட்டாங்க. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு அதைச் சொல்லி. நாம இன்னும் பிள்ளைகளைத்தான் திட்டிக்கிட்டு இருக்கோம்.

இந்த விளையாட்டு எங்கே இருந்து வந்ததுன்னு பாத்தா இன்னும் ஆச்சரியம். இதை உண்டாக்கின சடோஷி தஜிரி 1965-ல் பிறந்தவர். டோக்கியோ பக்கத்துல மச்சிடா என்கிற ஊர்ல வளர்ந்தார். அப்ப அங்கே வயலும் குளமும் காடும் இருந்துது. சின்ன வயசுல பூச்சி பிடிக்கிறதே வேலை. கூடப் படிச்ச பசங்க 'பூச்சி டாக்டர்'னே கூப்பிட்டாங்க. அவர் வளர வளர ஊரும் வளர்ந்துது. குளத்தை மூடினாங்க, ரோடும் கட்டடமும் வந்துது, பூச்சி போயிட்டு. பூச்சி பிடிக்க இடமே இல்லாத பிள்ளைகளுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கணும்னு நினைச்சு அவர் செஞ்சதுதான் போக்கிமான். ரெண்டு விளையாட்டுப் பெட்டியை இணைக்கிற கம்பி வழியா பூச்சி ஊர்ந்து போற மாதிரி மனசுல ஒரு படம் வந்துதாம். அதுல இருந்துதான் பசங்க ஒருத்தருக்கொருத்தர் மிருகத்தை மாத்திக்கிடுற யோசனை பிறந்துது.

மூடின குளத்துக்குப் பதிலா வந்த விளையாட்டு இது. நாம அதைக் குளத்துக்கு எதிரின்னு நினைக்கோம்.

2022 ஆகஸ்ட்ல அவுத்து விட்டதுல ஒண்ணு என் மனசுல ஒட்டிக்கிட்டு. வூப்பர்னு பேரு. தலைப்பிரட்டைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கும். பழைய விளையாட்டுகளில் நீல நிறம், வெள்ளத்துல கிடக்கும். இந்த ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுல பால்டியான்னு ஒரு நாடு, ஸ்பெயின் பக்கத்தை மாதிரியா வச்சுச் செஞ்சது. அங்கே உள்ள வூப்பர் சேத்து நிறம். ஏன்னு கேட்டதுக்குப் பையன் சொன்ன கதை இது. வெள்ளத்துக்குள்ளே இடச்சண்டை வந்துது, வூப்பர் தோத்துப் போய் கரைக்கு வந்து சகதியில வாழ ஆரம்பிச்சுது. உடம்பு காஞ்சு போகாம இருக்க விஷப்படலம் ஒண்ணு மேல உண்டாச்சு.

"பாவம் தாத்தா, வூப்பருக்கு இடம் போச்சு" என்றான்.

எங்க மாவட்டத்துல இரண்டாயிரத்துக்கு மேல குளம்னு கணக்கு சொல்லுவாங்க. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணை வெள்ளம் தோவாளை, அனந்தனார், புத்தனார் கால்வாய் வழியா வந்து குளத்தை நிறைச்சு, குளத்துல இருந்து வயலுக்கு இறங்கும். கன்னிப்பூ, கும்பப்பூ ரெண்டு போகமும் அதை நம்பித்தான். அந்தக் குளத்துல எத்தனை இன்னைக்குக் குளமா இருக்கு? சிலது வீட்டு மனையாச்சு, சிலது ஆகாயத்தாமரை மூடிக் கெடக்கு, சிலதுக்குள்ளே நாலுவழிச் சாலைக்கு மண்ணடிச்சாச்சு. வயல் தென்னையாச்சு, வாழையாச்சு, அப்புறம் பிளாட் ஆச்சு. வூப்பருக்கு இடம் போனதுக்கு ஒரு பிள்ளை பெங்களூர்ல இருந்து வருத்தப்படுது. பனையேறிக்கு இடம் போனதுக்கு யாரு வருத்தப்பட்டா?

பனையேறிக் கெண்டை தெரியுமா உங்களுக்கு? போக்கிமான் செய்யுறவங்க இதைப் பாத்திருந்தா விட்டிருக்கமாட்டாங்க. செவுளுக்கு மேல காத்தை இழுக்குறதுக்குன்னு தனி உறுப்பு உண்டு. குளம் வத்தினா சேத்துக்குள்ளே கிடக்கும். மழை பெய்தா செவுள் மூடியில உள்ள முள்ளைத் தரையில ஊணி, உடம்பை அசைச்சு அசைச்சு, வரப்புத் தாண்டி அடுத்த குளத்துக்கு நடந்து போகும். 1791-ல் தரங்கம்பாடியில இருந்த டால்டார்ஃப் என்கிற டேனிஷ் லெப்டினன்ட், குளத்தங்கரைப் பனைமரத்துல இது ஏறுறதைப் பாத்ததா லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். 1797-ல் அச்சில வந்துது. வெள்ளைக்காரங்க பாதிப் பேர் நம்பல. மரம் ஏறுமா ஏறாதா என்கிற சண்டை ரொம்ப காலம் நடந்துது. தரையில நடக்குறது மட்டும் சத்தியம், நடவு வயல்ல வேலை செய்தவங்க கேட்டுப் பாருங்க. இப்ப எங்க பக்கம் அதைப் பாக்கிறதே அபூர்வம். அது போனப்ப ஒரு அறிவிப்பும் வரல.

என் தலைவலி இதுதான். விளையாட்டுக் கம்பெனி புது மிருகம் வாறதை ஒண்ணொண்ணா அறிவிக்குது. நம்ம ஊர்ல உள்ள மிருகம் போறதை அறிவிக்க ஆள் இல்லை. அது ஒருநாள் போகாது. பைய பையக் குறையும். பேரு தெரிஞ்சவன் இருந்தாத்தான் "எங்கேடே அதைக் காணல?" என்று கேப்பான். பேரு தெரியலன்னா அது இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

பேரு தெரியாம இருக்கிறதுக்கு விவசாயி கொடுக்கிற விலை இன்னும் கூடுதல். வயலுக்குக் கூட்டிட்டுப் போனப்ப பையன் ஒவ்வொண்ணையும் காட்டி ஒரே கேள்விதான் கேட்டான். "இது என்ன டைப் தாத்தா?" அவன் விளையாட்டுல வெள்ளம் நெருப்பை ஜெயிக்கும், நெருப்பு புல்லை ஜெயிக்கும், புல் வெள்ளத்தை ஜெயிக்கும். பள்ளிக்கூடத்துல பாடமா சொல்லிக் கொடுக்காமலே பிள்ளைகளுக்கு மனப்பாடம். நல்ல கேள்வி அது. வயலும் அந்தக் கணக்குலதான் ஓடுது.

நெல்லுத்தூர்ல புகையான் இருக்கும். அரிசி அளவு கூட இல்லாத பூச்சி, சாறு உறிஞ்சும், கூடிட்டுன்னா வயல் தீப்பிடிச்ச மாதிரி வட்டவட்டமாக் காயும். அதைத் திங்கிறதுக்கு ஓநாய் சிலந்தி உண்டு. வலை கட்டாது, ஓடிப் பிடிக்கும். குருத்துப்பூச்சி முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கிற டிரைக்கோகிரம்மா என்கிற குளவி உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளம் கூட இருக்காது. அதை அட்டையில ஒட்டி விக்கிறாங்க, வாங்கி வயல்ல கட்டலாம். தும்பி பறக்கிறப்பவும் பூச்சி பிடிக்கும். வெள்ளத்துக்குள்ளே புழுவாக் கிடக்கிறப்பவும் கீழ்த்தாடையைக் கை மாதிரி நீட்டிக் கொசுப்புழுவைப் பிடிக்கும். விளையாட்டுல ஒரு மிருகம் இன்னொண்ணா மாறுறதுக்குப் பரிணாமம்னு பேரு வச்சிருக்காங்க. நிஜத்துல அது தும்பியும் வண்ணத்துப்பூச்சியும் செய்யுற உருமாற்றம். பூச்சி பிடிச்சு வளர்ந்த ஆளு செஞ்சது இல்லையா, அதான்.

இப்ப மருந்து அடிச்சா என்ன ஆகும்? சிலந்தி முதல்ல சாகும். புகையானும் சாகும். ஆனா அதோட முட்டை நெல்லுத் தண்டுக்குள்ளே பத்திரமா இருக்கும். ஒரு வாரத்துல பொரிச்சு வரும். வந்து பாத்தா, பிடிக்க ஆள் இல்லை. பழையதை விடப் பல மடங்கு பெருகும். மறுபடி மருந்து. இந்தோனேசியாவுல நாடு முழுக்க இதுதான் நடந்துது. 1986-ல் அதிபர் சுகார்தோ நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்தை ஒரே உத்தரவுல தடை செய்தார். அப்புறம் 1989-ல் இருந்து உழவர் வயல்வெளிப் பள்ளின்னு ஆரம்பிச்சாங்க. அங்கே புத்தகம் இல்லை. உழவங்க வயல்ல இறங்கிப் பூச்சியை எண்ணுவாங்க, படம் வரைவாங்க, சிலந்தியையும் புகையானையும் ஒரே கூண்டுல விட்டு எது எதைத் திங்குதுன்னு உக்காந்து பாப்பாங்க. பூச்சிக் காட்சிசாலைன்னு அதுக்குப் பேரு. வளர்ந்த உழவங்க செய்த அந்த வேலையும், பையன் ஸ்விட்ச் வச்சுச் செய்யுற வேலையும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. ஒருத்தன் நெல்லைக் காப்பாத்தினான், அதுதான் வித்தியாசம்.

விளையாட்டை ஒரேயடியா ஏத்திப் பேசவும் நான் தயார் இல்லை. அதுல ரெண்டு பொய் இருக்கு. ஒண்ணு, அங்கே மோதல்ல எதுவும் சாகாது. மயங்கி விழும், மருந்து கொடுத்தா எழும்பும். நிஜத்துல ஒரு சொட்டு மருந்து வாய்க்கால்ல விழுந்தா தவளை எழும்பாது. ரெண்டு, அங்கே எல்லா மிருகமும் மனுஷன் பிடிக்கத்தான் பிறந்திருக்கு. பந்தை எறிஞ்சா உள்ளே வந்துடும், அப்புறம் நம்ம பேச்சைக் கேட்கும். வயல்ல உள்ளது எதுவும் நம்மைக் கேட்டு நடக்காது. பாம்பு இருக்கு, தொடக்கூடாது. பன்னி இருக்கு, நட்டம்தான், ஆனாலும் அது அங்கேதான் இருக்கும். நமக்கு உதவாத உயிரோடயும் சேர்ந்து கிடக்கணும் என்கிற பாடம் அந்த விளையாட்டுல இல்லை. அதை நாமதான் சொல்லிக் கொடுக்கணும்.

நம்ம பக்கமும் புதுசு அறிவிக்காம இல்லை. 2017-ல் மேற்குத் தொடர்ச்சி மலையோட கிழக்குச் சரிவுல, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், ஒரு புதுத் தவளையை அறிவிச்சாங்க. வருஷம் முழுக்க மண்ணுக்குள்ளே கிடக்கும். முட்டை போட மட்டும் சில நாள் வெளியே வரும். உடம்பு ஊதின பந்து மாதிரி, மூக்கு பன்னி மாதிரி. தலைப்பிரட்டை, பாயுற ஓடையில அடிச்சிட்டுப் போகாம வாயால பாறையை உறிஞ்சிப் பிடிச்சுக்கிடும். இதைக் கதைன்னு சொன்னா நம்புவீங்க, நிஜம்னா நம்ப மாட்டீங்க. கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் மையத்துல வேலை பார்த்து, 2014-ல் அகத்தியமலையில ஆய்வுக்குப் போன இடத்துல இறந்துபோன பூபதி என்கிற விஞ்ஞானி பேரை அதுக்கு வச்சாங்க. குவாக்ஸ்லி பேரு தெரிஞ்ச தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை, பூபதி தவளை தெரிஞ்ச பிள்ளைகள் எத்தனை? அதுவும் பிள்ளைகள் குத்தமா?

2022-ல்தான் எங்க சுசீந்திரம் தேரூர் குளங்களையும் வேம்பனூர் குளத்தையும் ராம்சார் பட்டியல்ல சேர்த்தாங்க. உலக அளவுல முக்கியமான நீர்நிலைன்னு அர்த்தம். பேப்பர்ல வந்துது, நல்ல காரியம். ஆனா பட்டியல்ல குளத்தோட பேருதான் இருக்கு. குளத்துல இருக்கிறது யாருன்னு நாகர்கோவில்ல படிக்கிற பிள்ளைகளுக்கு யாராவது மாசத்துக்கு ஒண்ணுன்னு சொன்னாங்களா? இந்த மாசம் கூழைக்கடா, அது எப்படி மீனை வாரும். அடுத்த மாசம் பாம்புத்தாரா, அது ஏன் சிறகை விரிச்சுக் காயவைக்குது. இதுக்கு ஜப்பான் கம்பெனி பணம் வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையும் ஒரு வாத்தியாரும் போதும்.

உங்ககிட்ட நான் கேக்கிறது பெரிசா ஒண்ணும் இல்லை. பிள்ளைக்கு அந்த விளையாட்டை வாங்கிக் கொடுக்க வசதி இருந்தா கொடுங்க, திட்டாதீங்க. அரைப்பரிட்சை லீவுல ஊருக்கு வாங்க. கும்பப்பூ நெல் வயல்ல நிக்கும், குளங்களுக்கு வடக்கே இருந்து பறவைகள் வந்திருக்கும். வரப்புல நிறுத்தி "இதுதான் இயற்கை" என்று மட்டும் சொல்லாதீங்க. அது ஒரு பேரே இல்லை. ஒரு நோட்டைக் கொடுங்க. ஒரே ஒரு வயல். அதுல இருபது உயிர் கண்டுபிடிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஊர்ப்பேரு, எங்கே இருக்கும், என்ன திங்கும், அதை எது திங்கும். தெரியாததை வயல்ல நிக்கிற ஆளுகள்கிட்ட அவனே கேட்கட்டும். எங்க ஊர்ல நடவு நட்ட அம்மைமாருக்கு எந்தப் பூச்சி எப்ப வரும்னு தெரியும். அவங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்லை.

கடைசிப் பக்கத்துல இன்னொரு பட்டியல் எழுதச் சொல்லுங்க. முன்னால இங்கே இருந்து, இப்ப இல்லாதது. அதை எழுத எழுபது வயசு தாண்டினவங்க வேணும், சீக்கிரம் கேட்கணும். என் வயல் பக்கம் அந்தப் பட்டியல்ல முதல் பேரு பனையேறிதான்.